நனைவதற்கு ஆட்சேபணை இல்லை

1

மழையில் நடந்து போனால் அதிகம் நனைவோமா, ஓடிப் போனால் அதிகம் நனைவோமா? எங்கள் வறண்ட கரிசல் சீமை, பரளச்சி, நரிக்குடிப் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவர்கள், முதலில் மழையைக் காட்டு, பிறகு பதில் சொல்கிறோம் என்பீர்கள். ஊரில் இருக்கும் என் தம்பி பாண்டியும் அதைத்தான் சொன்னான், கொஞ்சம் காரமாகவே சொன்னான். அதற்கு அப்புறம் வருகிறேன். இந்தக் கேள்வி இரண்டு மாதமாக என் மண்டையைக் குடைகிறது. இத்தனைக்கும் விடை தெரிந்துவிட்டது, என் மகளே சோதித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். அப்படியும் எனக்குக் குழப்பம் தீரவில்லை. சொல்லப் போனால் கூடித்தான் இருக்கிறது.

நான் இருப்பது அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன டவுன். இந்த ஐப்பசியோடு வந்து பதினாறு வருஷம். என் மனைவி கலா மல்லாங்கிணற்றுப் பெண், இங்கே மருத்துவமனையில் நர்ஸ். அவள் வேலையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தவன் நான். மருந்துக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். மகள் வைஷ்ணவிக்குப் பதிமூன்று வயது, இங்கேயே பிறந்தவள்.

இந்த ஊரில் மழை வந்தால் அது செய்தி இல்லை, நின்றால்தான் செய்தி. பக்கத்து வீட்டுக்காரர் தூறலில் நின்று நனைந்துகொண்டே அரட்டை அடிப்பார். மழை பெய்கிறதே என்றால், இது மழையே இல்லை என்று அடித்துப் பேசுவார். வந்த புதிதில் ஒருநாள் அவர் 'சாஃப்ட் டே' என்றார். வேலை லேசாக இருக்கும் நாளைச் சொல்கிறார் போல என்று நினைத்து, ஆமாம், எனக்கு இன்றைக்கு லீவு என்று பதில் சொல்லி வைத்தேன். தூறல் நாளைத்தான் அப்படிச் சொல்வார்களாம். இன்றைக்கும் என்னைக் கண்டால் லீவா என்று கேட்டுச் சிரிக்கிறார்.

2

போன வருஷம் வைஷ்ணவி பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாறினாள். முதல் வாரம், அவளைக் கூட்டிவர வாசலில் போய் நின்றேன். மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வந்த நேரம் பார்த்து மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. எல்லாரும் தலைக்கு மேல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து ஷூவைக் கழற்றினேன். சாக்ஸை உள்ளே திணித்தேன். இரண்டு ஷூவையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்தேன். யோசித்துச் செய்ததில்லை, கை தானாகச் செய்துவிட்டது.

நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கரிசலைப் பார்க்காதவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த மண்ணில் மழை விழுந்துவிட்டால் செருப்போடு நடக்க முடியாது. எட்டுக்கு எட்டு மண் அப்பிக்கொண்டே வரும், கொஞ்ச தூரத்தில் காலில் செங்கல்லைக் கட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். செருப்பு வார் அறும், இல்லையென்றால் செருப்பு மண்ணோடு நின்றுவிட்டுக் கால் மட்டும் முன்னால் வரும். ஓடினாலோ மல்லாக்க விழ வேண்டியதுதான். அதனால் மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி வண்டிப்பாதையில் எங்கள் ஊருக்கு வருகிறவர்கள், முதல் சொட்டு விழுந்ததுமே செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் அப்படித்தான், பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளையும் அப்படித்தான். நடப்பதா ஓடுவதா என்று கேட்கவே இடமில்லை. மண் விட்டால்தானே ஓடுவது.

ஆனால் பாருங்கள், இங்கே காலுக்குக் கீழே இருந்தது தார் ரோடு. வைஷ்ணவியின் புதுத் தோழிகள் நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். உங்க அப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று ஒருத்தி நிஜமான அக்கறையோடு கேட்டாளாம். கிண்டல் செய்திருந்தாலாவது பரவாயில்லை என்று வைஷ்ணவி வீட்டுக்கு வந்து அழுதாள். அன்றைக்குச் சட்டம் போட்டாள்: நான் இனிமேல் பள்ளி வாசலுக்கு வரக் கூடாது. தெருமுனையில் மருந்துக்கடை இருக்கிறது, அங்கே நிற்கலாம்.

அதிலிருந்து ஒரு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. மருந்துக்கடை முக்கில் நிற்பேன். அவள் வருவாள், ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் போய்விடுவாள். பின்னாலேயே நான், பை தூக்கி மாதிரி. இதற்கு முன்னால் என் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு, வழிநெடுக வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த பிள்ளை.

"வயசு அப்படிங்க, விடுங்க" என்றாள் கலா. விட முடியவில்லை. எனக்கு வேண்டியது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. என் மகள் பழையபடி என் பக்கத்தில் நடந்து வர வேண்டும். இதை எப்படிக் கேட்பது? தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வருகிறது. ஆங்கிலத்தில் கேட்டால் என் ஆங்கிலத்தைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வருகிறது.

3

இந்த வருஷம் புரட்டாசியில் ஒருநாள், சாப்பிடும்போது அவளாக என்னைப் பார்த்துப் பேசினாள். பள்ளியில் அறிவியல் போட்டியாம். மழையில் நடப்பதா ஓடுவதா, எது குறைவாக நனைக்கும் என்று சோதித்துப் பார்க்கப் போகிறாளாம். அதற்கு நனைய ஓர் ஆள் வேண்டும். அம்மா முடியாது என்றுவிட்டாள். தோழியின் அப்பா ஒருவரைக் கேட்டாளாம், அவருக்கு நேரமில்லை. எனக்கு முன்னால் வேறொருவரிடம் போயிருக்கிறாள் என்பது சுருக்கென்று தைத்தது. தைத்தால் என்ன, கடைசியில் என்னிடம் வந்தாள் இல்லையா? கேட்டு முடிக்குமுன் சரி என்றேன்.

மறுநாள் காகிதம் நீட்டினாள். மனிதர்களை வைத்துச் செய்யும் சோதனை என்றால் ஒப்புதல் வாங்க வேண்டுமாம். மேலே, பெற்றோராகிய நான் என் மகள் இந்தச் சோதனையைச் செய்ய அனுமதிக்கிறேன் என்று ஒரு கையெழுத்து. கீழே, சோதனைக்கு உட்படும் நபராகிய நான் நனைய நேரிடும் என்பதை அறிவேன், நனைவதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை என்று இன்னொரு கையெழுத்து. நடுவில் ஒரு வரி: எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். இந்த நாட்டில் நான் போட்ட கையெழுத்து கொஞ்சமா? விசாவுக்கு, வீட்டுக்கு, குடியுரிமைக்கு என்று விரல் தேயப் போட்டிருக்கிறேன். பதினாறு வருஷத்தில் இந்தக் காகிதம் ஒன்றுதான் எனக்கு நனையச் சம்மதமா என்று கேட்டது. இரண்டு இடத்திலும் போட்டேன்.

அவளுக்கு இன்னொன்றும் வேண்டியிருந்தது, பல ஊர் ஆட்களின் அபிப்பிராயம். நான் பாண்டிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நேரம் சரியில்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மழை வந்துவிடும் என்ற நம்பிக்கையில் காய்ந்த புழுதியிலேயே மக்காச்சோளமும் உளுந்தும் விதைத்துவிட்டு, வானத்தைப் பார்த்துக் கிடக்கிறான் மனுஷன். கேள்வியைச் சொன்னேன்.

"ஏன்ணே, வெதையை எறும்பு இழுத்துக்கிட்டுப் போகுதேன்னு நான் வயித்தெரிச்சல்ல ஒக்காந்திருக்கேன். நீ நடக்கவா ஓடவான்னு கேக்குற. அங்கிட்டு இருந்து ரெண்டு நாள் மழையை இங்கிட்டு அனுப்பி விடு. நான் நடந்தும் காட்டுறேன், ஓடியும் காட்டுறேன்" என்றான்.

வைஷ்ணவி பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா நடை என்கிறாரா ஓட்டம் என்கிறாரா என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லையே.

4

சோதனை இப்படி. எங்கள் தெருவில் தபால்பெட்டியிலிருந்து கடைசி வீட்டின் பச்சை கேட் வரை தூரம். குப்பை போடும் கறுப்புப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு என்னை மாட்டிக்கொள்ளச் சொன்னாள், என் வியர்வை கணக்கில் சேரக் கூடாதாம். அதற்கு மேல் தராசில் நிறுத்து வைத்த வெள்ளை டி-ஷர்ட். தலையில் நிறுத்து வைத்த குல்லாய். ஒருமுறை நடக்க வேண்டும், வேறு காய்ந்த டி-ஷர்ட் போட்டு ஒருமுறை ஓட வேண்டும். ஈரத்தோடு மறுபடி நிறுத்தால் எவ்வளவு மழையைக் குடித்திருக்கிறது என்று தெரியும். வாசலில் ஒரு ஜாம் பாட்டில், மழையின் வேகத்தை அளக்க. கடிகாரத்தோடு அவள் கேட்டுக்குப் பக்கத்தில், மழைக்கோட்டுக்குள்.

இட்லிக்கு உளுந்து நிறுக்கிற தராசில் என் பனியனை நிறுக்கிறாளே என்று கலா ஒரு பக்கம் புலம்பினாள். பக்கத்து வீட்டுக்காரர் டீக்கோப்பையோடு வெளியே வந்து நின்று, இன்றைக்கு மழையே இல்லையே, எப்படிச் சோதனை செய்கிறீர்கள் என்றார். அப்போது என் குல்லாயிலிருந்து மூக்கு வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது.

நடுவில் அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். இதற்காகத் தமிழிலேயே பேச முயன்றாள், பாவம். "அப்பா, உடம்போட முன்பக்கம் நனையறது தூரத்தைப் பொறுத்தது. எவ்வளவு வேகமா போனாலும் வழியில இருக்கிற துளியெல்லாம் உங்க மேல மோதும். தலை நனையறது நேரத்தைப் பொறுத்தது. சீக்கிரம் போனா தலைக்குக் கம்மி. தூரத்தை நம்ம மாத்த முடியாது, நேரத்தை மாத்தலாம். அதனால ஓடணும்" என்றாள். காற்று முதுகுப் பக்கம் இருந்தால் காற்றின் வேகத்துக்கே ஓட வேண்டும், பக்கவாட்டில் அடித்தால் அது வேறு கணக்கு என்று இன்னும் என்னென்னவோ சொன்னாள். எனக்கு முதல் வரியிலேயே பாதி போய்விட்டது. தூரத்துக்கு ஆன நனைதலை என்ன செய்தாலும் தவிர்க்க முடியாது என்கிறாளே என்று அதையே நினைத்துக்கொண்டு நின்றேன். அடுத்த ஓட்டத்துக்கு அவள் கை காட்டியதைக் கவனிக்கவில்லை, திட்டு வாங்கினேன்.

5

கொஞ்ச நாள் கழித்து அவள் முகம் வாடியது. நான் நனைந்த கணக்கைப் புள்ளி புள்ளியாகக் குறித்த, கோடு போட்ட தாளைக் காட்டினாள். ஓட்டத்தின் புள்ளிகள் ஒழுங்காக வரிசையில் இருந்தன. நடையின் புள்ளிகள் கோழி கிளறிய மாதிரி கிடந்தன.

"சின்ன மழைக்கு ஒழுங்கா நடக்குறீங்க. மழை கூடக் கூட மெதுவா ஆயிடுறீங்க" என்றாள்.

நான் ஒரே மாதிரிதான் நடந்தேன் என்று சாதித்தேன். மெய்யாகவே அப்படித்தான் நினைத்தேன். அவள் செல்போனில் எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினாள். கொட்டுகிற மழையில் குப்பைப் பை மாட்டிய ஒரு நடுவயது ஆள், தோளைத் தளர விட்டு, முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி, கோயில் பிராகாரம் சுற்றுகிறவர் மாதிரி போகிறார். மழை வலுக்கிறது, அவர் நடை இன்னும் குறைகிறது. நான்தான் அது. எனக்கே நம்ப முடியவில்லை.

"ஏன்ப்பா இப்படிப் பண்றீங்க?" என்றாள். போட்டிக்குத் தாளைக் கொடுக்க நாள் நெருங்கிவிட்டது, நடைக் கணக்கு அத்தனையும் வீண்.

என்ன சொல்வது? வழுக்கிவிடும் என்ற பயமா? தார் ரோட்டில் என்ன வழுக்கல்? முழங்கால் வலியா? ஓடும்போது வராத வலி நடக்கும்போதா வரும்? எனக்கு மழை பிடிக்குமா என்றால் அதுவும் இல்லை. காலையில் எழுந்ததும் இந்த ஊர் மழையைச் சபித்துவிட்டுத்தான் பல் விளக்குகிறேன். தெரியவில்லை பாப்பா என்றேன். அது பதிலா என்று அவள் எழுந்து போய்விட்டாள். வாசலுக்கு வரக் கூடாது என்று சட்டம் போட்ட நாள்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இல்லை. அன்றைக்கு வெட்கப்பட வைத்தேன், இன்றைக்கு அவள் உழைப்பைக் கெடுத்துவிட்டேன். கூப்பிட்டதே ஒரு வேலைக்கு, அதுவும் நடக்கிற வேலை. அதைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். செல்போனில் டக் டக் என்று தாளம் போடுகிற ஏதோ ஒன்றை வைத்து, அதற்கு ஏற்ப நடக்கச் சொன்னாள். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. அவள் கை தட்டிப் பார்த்தாள், பிரயோசனம் இல்லை. கடைசியில் கடிகாரத்தைக் கலாவிடம் கொடுத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்று, மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நான் போற வேகத்துல வாங்க."

போனேன். உதட்டுக்குள் ஏதோ எண்ணிக்கொண்டே வந்தாள். மழை கூடினால் என் கால் பின்வாங்குவது இப்போது எனக்கே தெரிந்தது. அவள் விடாமல் இழுத்தாள். போலீஸ்காரர் ஆளைக் கூட்டிப்போகிற பிடிதான் அது. சோதனைக்காகத்தான் பிடித்திருக்கிறாள், வேறொன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் ஒரு வருஷம் கழித்து என் மகள் என் பக்கத்தில் நடந்தாள். சந்தோஷமாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? பச்சை கேட் வந்ததும் கையை விட்டுவிட்டு, டி-ஷர்ட்டைக் கழற்றுங்கள், நிறுக்க வேண்டும் என்று உள்ளே ஓடினாள்.

சோதனை முடிகிற நாள் வரை இப்படியே நடந்தோம். புள்ளிகள் வரிசைக்கு வந்தன. ஓடுகிறவன்தான் குறைவாக நனைகிறான், சந்தேகமே இல்லை. மறுநாள் மருந்துக்கடை முக்கு. தலையசைப்பு. இயர்போன். எனக்கு முன்னால் போனாள்.

6

தாளைக் கொடுத்த அந்த வார ஞாயிற்றுக்கிழமை, இங்கே காலை, ஊரில் மத்தியானம், பாண்டி வீடியோவில் கூப்பிட்டான். படம் மங்கலாக இருந்தது, செல்போனைப் பாலிதீன் பைக்குள் போட்டு வைத்திருக்கிறான். திரை முழுக்க மழைச் சத்தம்.

"அண்ணே, பேஞ்சிருச்சுண்ணே. சரியான மழை. நல்ல வேளை, வெதை தப்பிச்சுச்சு" என்று கத்தினான்.

கலா ஓடி வந்தாள். வைஷ்ணவியும் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். பாண்டி விதைத்த காட்டுக்கு நடுவில் நின்றிருந்தான். கணுக்கால் வரை கரிசல். சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. இடது கக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு.

"சித்தப்பா, ஏன் அங்கயே நிக்கிறீங்க? ஓடுனா கம்மியா நனைவீங்க" என்றாள் வைஷ்ணவி.

பாண்டிக்கு அவள் சொன்னது கேட்டது, ஆனால் விளங்கவில்லை. முகத்தில் வழிகிற தண்ணீரைத் துடைத்துக்கொண்டு செல்போனுக்குக் கிட்டே வந்தான்.

"ஓடவா? எதுக்குப் பாப்பா ஓடணும்? இத்தனை நாள் கழிச்சு வந்திருக்கு, நம்ம ஓடுனா அதுக்கு மனசு சங்கடப்படாதா?"

அதோடு லைன் அறுந்துவிட்டது. வைஷ்ணவி இருட்டான திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. மழையைக் கண்டு ஓடக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததாக நினைவில்லை. பாண்டிக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் நிற்கிறான் என்றால் அவனுக்கு விதை இருக்கிறது, காடு இருக்கிறது. எனக்கு இந்தத் தெருவில் என்ன விதைப்பு? யாரும் கேட்காத மழை, தினம் வருகிற மழை, இதற்கு நான் ஏன் நடையைக் குறைக்கிறேன்? பதினாறு வருஷம் ஆகியும் என் காலுக்கு இது எந்த ஊர் மழை என்று தெரியவில்லையா? கலாவிடம் கேட்டேன். துணி காயவில்லை என்ற கவலையில் இருந்தாள்.

7

போன வியாழக்கிழமை மருந்துக்கடை முக்கில் நின்றேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் வழக்கம் போலக் கூட்டமாக ஓடி வந்தார்கள். நான் தயாராக இருந்தேன். ஷூ காலிலேயே இருந்தது, லேஸைக்கூட இறுக்கிக் கட்டியிருந்தேன். இன்றைக்கு ஓடிவிடுவது என்று முடிவு. என் மகள் கண்டுபிடித்ததற்கு நானாவது மரியாதை கொடுக்க வேண்டாமா? அவள் தோழிகள் முன்னால் கோயில் சுற்றுகிறவர் மாதிரி போகவும் கூடாது.

வைஷ்ணவி கூட்டத்தின் கடைசியில் வந்தாள். ஓடி வரவில்லை.

"சீக்கிரம் வா பாப்பா, ஓடிருவோம். ஓடுனாத்தானே கம்மியா நனைவோம்" என்றேன்.

"தெரியும்ப்பா. நான்தானே கண்டுபிடிச்சேன்" என்றாள், தமிழில்.

இயர்போனைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். முன்னால் போகாமல் என் பக்கத்தில் வந்தாள். நடந்தோம். எங்களைத் தாண்டி ஓடிய தோழி ஒருத்தி திரும்பி, என்ன ஆச்சு, வா என்று சத்தம் போட்டாள். இவள் கையை ஆட்டிப் போகச் சொன்னாள். நான் அவளுக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் வேகமாகவே எட்டு வைத்தேன்.

தபால்பெட்டிக்குப் பக்கத்தில் வந்தபோது மழை வலுத்தது. அவள் நடையைக் குறைத்தாள்.